கடலில் எவ்வளவு ஆழம் வரை?

பெருந்தொற்றுக் காலத்தில் சென்னைக் கடற்கரைகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டன. இரண்டாம் அலையில் மீண்டும் மூடப்பட்டு, 2021 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. மூன்றாம் அலையின் கட்டுப்பாடுகளும் தளர்ந்தபின், நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி எழுந்த வினா, "இனிக் கடலில் இறங்கலாமா?" என்பதே. கடலோரத்தில் வாழ்வோர்க்கு இது சிறிய ஆசையன்று. ஆகவே, 2022 பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை, நோயிலிருந்து மீண்ட பதினொருவரையும் அவர்தம் குடும்பத்தாரையும் வேனில் கோவளத்திற்கு அழைத்துச் சென்றோம்.

மெரினாவை நாங்கள் கருதவே இல்லை. அங்குக் கரையை ஒட்டியே ஆழம் மிகுகிறது. உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கி இறந்தோர் பலர். கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. குளிப்பதற்கென எல்லை குறித்த பகுதியும் உயிர்காப்பாளர்களும் அங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையின் சீற்றமும் பிப்ரவரிக்குள் தணிந்துவிடும்.

இறங்குமுன் ஒவ்வொருவரையும் மணலுக்கு அப்பால், கெட்டித் தரையில் ஆறு நிமிடம் நடக்கச் செய்து, ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டோம். நான்கு புள்ளிகளுக்கு மேல் குறைந்தவர் இடுப்பளவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கழுத்தளவு நீரில் நிற்கும்போது, நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதியை மார்புக்குள் தள்ளுகிறது. ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் கூடுதலாக அங்குச் சேர்கிறது. இதயம் அதைச் சமாளித்தாக வேண்டும். அதே அழுத்தம் மார்புக்கூட்டையும் வெளியிலிருந்து இறுக்குவதால், ஒவ்வொரு மூச்சுக்கும் தசைகள் அதிகமாக உழைக்கின்றன. நலமுள்ளவர் இதை உணர்வதில்லை. தழும்பேறிய நுரையீரலோ தளர்ந்த இதயமோ உடையவர் உடனே உணர்வார். (நீரில் இறங்கியதும் சிறுநீர் கழிக்கத் தோன்றுவதும் இந்தக் குருதி இடமாற்றத்தின் விளைவுதான், கூச்சப்பட ஏதுமில்லை.)

பதினொருவரில் நீந்தும் தகுதி பெற்றவர் இருவர். கரைக்கு இணையாக, கால் தரையில் படும் ஆழத்திலேயே, உயிர்காப்பாளரின் கண்பார்வையில் பத்து நிமிடம் நீந்தினர். கரையேறியபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஓரிரு நிமிடங்களில் சீரானது.

பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வந்திருந்தார். சிறு வயதில் தாமிரபரணியை நீந்திக் கடந்தவர். நடைச் சோதனையில் அவரது அளவு 97இலிருந்து 92க்கு இறங்கியது. "ஐயா, இடுப்பளவு மட்டும்" என்றோம். "கழுத்தளவு ஆற்றில் நின்றவன் நான். இதைக் குளியல் என்று சொல்ல மாட்டேன்" என்றார். ஆயினும் சொன்ன இடத்திலேயே நின்றார். அவரது ஏமாற்றத்தை நாங்கள் தேற்ற முயலவில்லை, அது நியாயமானது. அவரை ஒன்றரை ஆண்டாகக் கவனித்துவரும் மனைவியை, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மா" என்று சொல்லி அப்பால் அனுப்பினோம். அவர் கணுக்கால் நீரில் தனியே நெடுநேரம் நின்றிருந்தார். வீட்டிலும் மருத்துவமனையிலுமன்றி வேறெங்கும் தாம் நின்றே பல மாதங்களாயின என்று வேனில் ஏறும்போது சொன்னார். பராமரிப்பாளர்க்கும் இத்தகைய காலை தேவை என்பதை எங்கள் திட்டத்தில் முன்பே எழுதியிருந்தோம். அதற்குப் பொருள் கிடைத்தது அப்போதுதான்.

சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்த மூவரை வெறுங்காலுடன் நடக்க நாங்கள் விடவில்லை. உடைந்த சிப்பி கீறினாலும் அவர்களுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகை நுண்ணுயிரிகள் புண்வழி நுழைந்தால், சர்க்கரை நோயாளிக்கும் ஈரல் நோயாளிக்கும் சில மணி நேரத்திலேயே உயிராபத்து நேரலாம். ஆறாத புண் உள்ளவர் கடலில் கால் வைக்கவே வேண்டாம். கடலுக்குச் சென்று வந்தபின் காலில் சிவப்பு, வீக்கம், கடும் வலி, காய்ச்சல் தோன்றினால், மறுநாள் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கடல்நீர் பட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்போருக்கு ஒன்று: ஈரமும் குளிர்ச்சியுமான விரலில் அக்கருவி பிழையாகக் காட்டும். கரையேறியதும் கையைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கிய பின்னரே அளவைப் பாருங்கள். அன்று காலை எங்களில் ஒருவருக்கு 84 என்று காட்டி அனைவரையும் கலங்கச் செய்த அக்கருவி, துண்டால் துடைத்தபின் 96 என்றது.