எண்பது வயது உடம்பில் ஒரு மாத்திரை

திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு ஒருவர் பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் டயாசிபாம் மாத்திரை போடுகிறார். அவருக்கு வயது 20 என்றால், செவ்வாய் மாலைக்குள் அதில் பாதி உடம்பை விட்டுப் போயிருக்கும். வயது 80 என்றால், வெள்ளிக்கிழமை விடிகாலையிலும் பாதி மிச்சமிருக்கும். மருந்து பாதியாகக் குறைய ஆகும் இந்த நேரத்தை ‘அரை ஆயுள்’ என்பார்கள். இந்த மருந்துக்கு வயது எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்!

மாத்திரை அதேதான், உடம்புதான் மாறியிருக்கிறது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது, நீர் குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. எடை மாறாதவருக்கும் உள்ளே இது நடக்கும். டயாசிபாம் கொழுப்பில் கரைவது. அங்கே போய்த் தங்கிக்கொண்டு சிறுகச் சிறுகக் கசிகிறது. தினம் ஒன்று போட்டால் நேற்றையது தீருமுன் இன்றையது சேரும். பகலிலும் தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம். முதியவர்கள் வழுக்கி விழுவதற்குத் தரையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதைவிட வியப்பானது சிறுநீரகத்தின் கணக்கு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘கிரியாட்டினின் 1.0’ என்றிருந்தால் நிம்மதியாக மடித்து வைத்துவிடுகிறோம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. தசை கரைந்தவருக்கு இந்தக் கழிவு உண்டாவதே குறைவு. அதனால் வடிகட்டும் திறன் பாதியாகிப் போனாலும் சீட்டில் எண் ஏறாது. ஒரு தேய்மானம் இன்னொன்றை மறைத்துவிடுகிறது!

இந்த மறைவை விலக்க, 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் எளிய சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். வயதை 140இலிருந்து கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையில் 15 சதவீதம் குறைக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள 25 வயது ஆணுக்கு நிமிடத்துக்கு 96 மில்லி வருகிறது. 50 கிலோ எடையுள்ள 80 வயது ஆணுக்கு வெறும் 42. இருவர் சீட்டிலும் இருப்பது அதே 1.0தான்.

சிறுநீர் வழியே வெளியேறும் மருந்துகளுக்கு இந்த 42 முக்கியம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், இதயத்துக்குத் தரும் டிகாக்சின் எல்லாம் அந்த வகை. அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பது மருத்துவர் முடிவு. நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆனால், வீட்டிலுள்ள அத்தனை மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு அவரிடம் காட்டுவது நம் கையில் இருக்கிறது. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஐபுபுரூஃபனையும் விட்டுவிடக் கூடாது. அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைத்து, கூடவே போடும் மற்ற மருந்துகளையும் உடம்பில் தேங்கவிடக்கூடும்.