இரும்பு உருகுகிறதா, எரிகிறதா?

பட்டறையில் கேஸ் கட்டிங் நடப்பதைப் பார்ப்பவர்கள், சுடர் இரும்பை உருக்கி அறுக்கிறது என்றே நினைப்பார்கள். உண்மையில் இரும்பு அங்கே எரிகிறது. அசிட்டிலீன் சுடர் தகட்டின் ஓரத்தைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுகிறது, அவ்வளவுதான். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஓரம் செக்கச்சிவந்ததும் டார்ச்சின் லீவரை அழுத்தினால், நாசிலின் நடுத்துளையிலிருந்து சுத்தமான ஆக்சிஜன் பீறிடுகிறது. அந்த இடத்து இரும்பு பற்றி எரிந்து ஆக்சைடாகிறது. இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும் அந்த ஆக்சைடை வாயுவின் வேகம் கீழே தள்ளிவிட, பின்னால் வெட்டு விழுகிறது. அலுமினியத்திடம் இது பலிக்காது. உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் ஆக்சைடுக்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

இரும்பையே எரிக்கும் வாயு எண்ணெயை விடுமா? கிரீஸ் பட்ட கையால் ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. திருகு எவ்வளவு இறுகியிருந்தாலும் சரி, எண்ணெய் விடக் கூடாது. அசிட்டிலீனின் குணம் வேறு. அழுத்தம் கூடினால் காற்றே இல்லாமலும் சிதைந்து வெடிக்கும். அதனால்தான் சிலிண்டருக்குள் அதை அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள். அசிட்டிலீன் ரெகுலேட்டரில் அழுத்தம் 15 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. சிலிண்டரைப் படுக்கவைத்தால் அசிட்டோன் வெளியே வரும், எனவே நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள்.

இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். முதலில் அசிட்டிலீனைத் திறந்து ஸ்பார்க் லைட்டரால் பற்றவையுங்கள், ஆக்சிஜன் பிறகு. சுடர் டார்ச்சுக்குள் புகுந்து சீறினால், உடனே ஆக்சிஜனை மூடுங்கள், அடுத்து அசிட்டிலீனை. சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத டார்ச்சைக் கையில் எடுக்காதீர்கள்.