எட்டில் ஐந்து மௌனம்

ஆதி தாளத்தை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும். எட்டு எண்ணிக்கைகளில் ஓசை எழுவது மூன்றில் மட்டுமே. எஞ்சிய ஐந்துக்கும் நிசப்தக் கிரியை என்று பெயர். மௌனம் இசையில் சேருமா என்ற கேள்வி நமக்குப் புதிதன்று.

அதை மேலைநாட்டு மேடையில் எழுப்பியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். அகமதாபாத்தின் கீதா சாராபாயிடம் இந்திய இசை பயின்றவர். 1952இல் அரங்கேறிய அவரது படைப்பில் பியானோக் கலைஞர் 4 நிமிடம் 33 வினாடி ஒரு சுரமும் வாசிக்கவில்லை. கூரையில் மழைத்துளி விழுந்தது கேட்டது என்று கேஜ் பின்னர் நினைவுகூர்ந்தார். அதற்கு முன்பே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியே இல்லாத அறைக்குள் நின்றபோதும் அவருக்கு இரண்டு ஓசைகள் கேட்டன. இரண்டும் தம் உடலின் ஓசைகள் என்று அவர் கொண்டார்.

உடலுக்குள்ளிருந்து எழும் ஓசை எல்லோருக்கும் இனிமையாக வாய்ப்பதில்லை. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலை மீறும் வெடிகளை விதிகள் தடுக்கின்றன. சிவகாசி வட்டாரத்து ஆலைகளில் நேரும் விபத்துக்கு அந்த வரம்பு ஏது? வெடியதிர்ச்சி தாக்கிய செவியில், வெளியே ஒலியில்லாதபோதும், வண்டு ரீங்கரிப்பதுபோல் இரைச்சல் கேட்கலாம். சிலருக்கு நாளடைவில் தணியும், சிலருக்கு நிலைத்துவிடும்.

அத்தகையவருக்கு அமைதி வேண்டுமென்று உறவினர் மின்விசிறியை நிறுத்திச் சன்னலையும் சாத்திவிடுகின்றனர். அன்பினால் செய்வதுதான். ஆயினும் சூழல் அடங்க அடங்க இரைச்சல் ஓங்கித் தெரியும், உறக்கமும் கெடும். விசிறியின் சுழற்சி, மழையோசை, தாழ்ந்த ஒலியில் ஒரு நாகசுரம் என மெல்லியதாய் ஏதேனும் பின்னணியில் இருந்தால் அதன் கூர்மை மங்கும். இரைச்சலை முற்றிலும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலி வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் உள்ளவரும் உறங்க வேண்டுமே.

விசிறியின் ஓசையையும் இசையென்றே கேஜ் கொண்டிருப்பார். நாம் அவ்வளவு தூரம் செல்லத் தயங்குகிறோம். தாளத்தின் மௌனத்துக்கு முன்னும் பின்னும் தட்டு உண்டு, எண்ணுகின்ற கை உண்டு; விசிறிக்கு அவை இல்லை. இரவு முழுதும் விழித்துக் கிடப்பவருக்கோ இந்த வேறுபாடு பெரிதன்று.

வெடியதிர்ச்சிக்குப் பின் செவியில் குருதியோ நீரோ வடிந்தாலும், கேள்திறன் திடீரெனக் குறைந்தாலும், எண்ணெய் விடாமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வாருங்கள். இரவில் விசிறியோசை தேவைப்படுவோர் பணியிலுள்ள செவிலியரிடம் தயங்காது சொல்லலாம்.