நடு ஸ்டேஷனில் இறங்க வேண்டாம்

பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகள், ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட் டு தண்ணீர்மலை’ என்று எழுதினாளாம். ஆசிரியர் ‘பட்’டைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அது ஏன் தப்பு என்று தாய் கேட்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் சொல், ஆங்கிலத்தில் துணை வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. தமிழில் வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ‘மழை பெய்தாலும்’ என்பதிலுள்ள ‘ஆலும்’தான் முழு ‘ஆல்தோ’. ‘வென்’ நமக்குப் ‘போது’. ‘இஃப்’ நமக்கு ‘ஆல்’. வால் சின்னதாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. மாண்டரினில் ‘சுய்ரான்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் ‘தான்ஷி’யும் ஜோடியாக வரும். அதனால் சீன மாணவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இதை எங்கள் பினாங்குக் கொடிமலை ரயிலை வைத்து விளக்கலாம். 1923இல் ஓடத் தொடங்கிய அது இரண்டு பகுதிகளாக இருந்தது. சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடு ஸ்டேஷனில் இறங்கி, வேறு வண்டிக்கு ஓடியிருக்கிறேன். 2011லிருந்து ஒரே வண்டி உச்சிவரை போகிறது. ‘மழை பெய்தது. ஆனால் போனோம்’ என்பது பழைய ரயில். ‘மழை பெய்தாலும் போனோம்’ என்பது புதியது. ‘ஆல்தோ’ என்று ஏறியவர் உச்சிக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். நடுவில் ‘பட்’ என்று இறங்கி ஏறத் தேவையில்லை.

இப்படி முடியாமல் நின்று இன்னொரு வினையை எதிர்பார்க்கும் வினைதான் வினையெச்சம். அதற்கு ஒன்பது வாய்பாடுகளைத் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். அவற்றில் ‘செய்து’ உள்ளிட்ட முதல் மூன்றும், முடிக்கும் வினையின் எழுவாயையே தமக்கும் கொள்ள வேண்டும் என்றும் விதித்தார். ‘கிளைம்பிங் தி ஸ்டெப்ஸ், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால் மழையே படியேறியதாகிவிடும் என்று ஆங்கில ஆசிரியர்கள் திருத்துவதும் இதே விதிப்படிதான். அவ்வளவு அறிவையும் தமிழ் வகுப்போடு மூடி வைத்துவிட்டு, இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தாய்மொழி இலக்கணம் தேர்வுக்கு மட்டும் என்று ஒதுக்குவது, வீட்டில் விளக்கை வைத்துக்கொண்டு இருட்டில் தேடுவதுதான்.

அம்மா, அந்த வாக்கியத்தை மகளை ஒருமுறை தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘மழை பெய்தாலும், ஆனால் தண்ணீர்மலைக்குப் போனோம்’ என்று அவள் சொல்லமாட்டாள். அந்த ‘ஆனால்’ வராத இடத்தில்தான் ஆசிரியரின் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.