கிள்ளான் கடல் எந்தப் பெருங்கடல்?

உங்கள் வீட்டில் முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ படிக்கும் தம்பி, தங்கை இருக்கிறார்களா? அவர்களைக் கூப்பிட்டு, உலகில் எத்தனை கண்டங்கள் என்று கேளுங்கள். ஏழு என்று பட்டென்று பதில் வரும். ஆசியாவில் தொடங்கி அண்டார்டிகா வரை ராகம் போட்டே சொல்லி முடித்துவிடுவார்கள். பெருங்கடல் ஐந்தும் அப்படியே. இப்போது இன்னொரு கேள்வி கேளுங்கள்: “போர்ட் கிள்ளானில் கப்பல் நிற்கிறதே, அந்தக் கடல் இந்த ஐந்தில் எது?”

ராகம் நின்றுவிடும். உங்களுக்கே கூடச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். விடைக்குப் பிறகு வருவோம். சரியாக ஒப்பிக்கும் பிள்ளை ஏன் இங்கே தடுமாறுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

1992இல் அமெரிக்காவில் ஸ்டெல்லா வோஸ்னியாடோ, வில்லியம் புரூவர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 60 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியைப் பற்றிப் பேசிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. பூமி என்ன வடிவம் என்று கேட்டால், உருண்டை என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. “நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய்? பூமிக்கு ஓரம் உண்டா? அங்கிருந்து விழுந்துவிடுவாயா?” என்று கேட்டார்கள், படம் வரையச் சொன்னார்கள். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. சில பிள்ளைகளுக்குப் பூமி தோசைபோல வட்டமான தட்டு. சிலருக்கு அது உள்ளே வெற்றிடமுள்ள பந்து. அதற்குள் இருக்கும் தட்டையான தரையில் நாம் வசிக்கிறோம். இன்னும் சிலருக்கோ பூமிகளே இரண்டு: ஆசிரியர் சொல்லும் உருண்டைப் பூமி வானத்தில் இருக்கிறது, நாம் நிற்கும் தட்டைப் பூமி கீழே இருக்கிறது!

சிரிக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். கண் காட்டுவது தட்டைத் தரை, ஆசிரியர் சொல்வது உருண்டை. இரண்டையும் பொருத்திவைக்க அந்தச் சின்ன மூளை தானே ஒரு படத்தை உருவாக்கிக்கொள்கிறது. வாய் சொல்லும் விடை சரியாக இருப்பதால், உள்ளே இருக்கும் படம் தவறு என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. தம்பி தங்கைக்கு நீங்கள் பாடம் சொல்லித் தருபவர் என்றால், கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

இத்தாலியரான மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறை பெயரிலிருந்து தொடங்குவதில்லை, விரலிலிருந்து தொடங்குகிறது. இவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939இல் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். சில மாதங்கள் தங்குவதாகத்தான் திட்டம். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1940இல் இத்தாலியும் அதில் இறங்கியதால், பிரிட்டிஷ் ஆட்சியின் கண்ணில் அவர் எதிரி நாட்டவர் ஆனார். ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தார். பிள்ளைக்கு முதலில் முழு உலகத்தையும் காட்டு, பகுதிகளைப் பிறகு பிரித்துக் காட்டு என்ற அவருடைய சிந்தனை அங்கேதான் நன்றாக முற்றியது.

மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் உலக உருண்டையில் எந்தப் பெயரும் இருக்காது. நிலம் இருக்குமிடத்தில், மரத்தைத் தேய்க்கப் பயன்படும் உப்புத்தாள். நீர் இருக்குமிடம் வழவழப்பு. விரலை ஓட்டினால் போதும், உலகில் சொரசொரப்பைவிட வழவழப்பு அதிகம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பூமியின் பரப்பில் ஏறக்குறைய 71 விழுக்காடு கடல் என்பதை விரலே சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த உருண்டையில் கண்டங்களுக்கு நிறம் வரும்: ஆசியா மஞ்சள், ஆப்பிரிக்கா பச்சை, ஐரோப்பா சிவப்பு. அதன் பின்னரே தட்டையான வரைபடம், அதுவும் ஒவ்வொரு கண்டத்தையும் கழற்றி மாட்டும் மரப் புதிராக. (நாம் விளையாடும் படப்புதிர் பிறந்ததே இப்படித்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, துண்டு துண்டாக அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார்.)

உருண்டை முதலில், தட்டை பிறகு என்ற வரிசைக்குக் காரணம் வேண்டுமா? ஒரு மாண்டரின் ஆரஞ்சு போதும். சீனப் பெருநாள் சமயத்தில் எல்லார் வீட்டிலும் பெட்டி பெட்டியாக இருக்கும். அதன்மேல் பேனாவால் கண்டங்களைத் தோராயமாக வரையுங்கள். தோலை முடிந்தவரை ஒரே துண்டாக உரித்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கச் சொல்லுங்கள். கிழியும். எப்படி அழுத்தினாலும் கிழியும். உருண்டையின் மேற்பரப்பைக் கிழிக்காமல், இழுக்காமல் தட்டையாக்க முடியாது. இது கணிதம் நிரூபித்த உண்மை.

அப்படியானால் வகுப்புச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் கிழிசலைக் காணோமே? இழுத்து மூடியிருக்கிறார்கள். 1569இல் மெர்காட்டர் வரைந்த வரைபடம் மாலுமிகளுக்கானது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகும் கப்பலின் பாதை அதில் நேர்க்கோடாக வரும். அதற்குக் கொடுத்த விலை, துருவத்தை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப் பெருப்பது. அந்த வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், சபா, சரவாக் இருக்கும் போர்னியோ தீவைப் பாருங்கள். பிரிட்டன் தீவு அதைவிடச் சற்றே சிறியதுபோலத் தெரியும். உண்மையில் போர்னியோ மூன்றரை மடங்கு பெரியது! கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே இருப்பதால் நம் பகுதி ஏறக்குறைய உள்ளபடியே வருகிறது. வடக்கே இருப்பவர்கள்தான் ஊதியிருக்கிறார்கள். வருடக்கணக்கில் இந்தப் படத்தையே பார்த்து வளரும் பிள்ளைக்கு எந்த நாடு பெரிய நாடாகத் தோன்றும், எது சின்னதாகத் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

முழு உலகத்தை முதலில் காட்டுவது சரி. ஆனால் அது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து அந்த உருண்டைக்கு ஒரு வழியும் வேண்டும். நம்மிடம் அந்த வழி இருக்கிறது. அதன் பெயர் லோங்காங்.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை மழை கொட்டும்போது ஓரத்து லோங்காங்கில் நீர் பாய்கிறதல்லவா? அது பக்கத்தில் ஓடும் கிள்ளான் ஆற்றில் சேருகிறது. மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு வந்த அதே ஆறுதான். அங்கிருந்து ஷா ஆலம், கிள்ளான் வழியாக, அலையாத்திக் காடுகள் நிறைந்த தீவுகளுக்கு நடுவே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஒரு காகிதக் கப்பலைக் காட்டி, “இது எங்கே போகும்?” என்று கேட்டால், பிள்ளை தானே கேள்வியைத் தொடர்வான்: அதற்கப்புறம்?

அதற்கப்புறம்தான் நாம் தள்ளிவைத்த விடை. போர்ட் கிள்ளானில் இருப்பது பெருங்கடல் அன்று, நீரிணை. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு நீரை இணைப்பது. வடமேற்கே போனால் அந்தமான் கடல், அதைத் தாண்டி இந்தியப் பெருங்கடல். தென்கிழக்கே போனால் சிங்கப்பூரைச் சுற்றித் தென் சீனக் கடல், அப்பால் பசிபிக் பெருங்கடல். அலை ஏற்ற இறக்கத்தில் நீர் அங்குமிங்கும் போய் வந்தாலும், நீரிணையின் மேல்நீரோட்டம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடமேற்கு நோக்கியே நகர்கிறது. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் மழைத்துளி எந்தப் பக்கம் போக வாய்ப்பு அதிகம் என்றால், இந்தியப் பெருங்கடல் பக்கம்.

இந்த நீரிணையின் தென்பகுதி எவ்வளவு ஆழம் தெரியுமா? பெரும்பாலும் 27 மீட்டர்தான். ஒன்பது மாடி அடுக்குமாடி வீட்டை உள்ளே இறக்கினால் கூரை நீர்மட்டத்துக்கு வந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் சராசரி ஆழமோ ஏறக்குறைய 3,700 மீட்டர். நம்முடையது உண்மையில் கடல்நீர் ஏறி மூழ்கிய நிலம். இதைக் கண்டத்திட்டு என்பார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று கிள்ளானிலிருந்து சுமத்திராவுக்கு நடந்தே போயிருக்கலாம். கறுப்பும் வெள்ளையுமான தாப்பிர் விலங்கு இன்று தீபகற்ப மலேசியாவிலும் சுமத்திராவிலும் வாழ்வது இதனால்தான். புலியும் யானையும் அப்படியே.

ஆனால் பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் நடுவே உள்ள நீரிணை குறுகியதுதான் என்றாலும் ஆழமானது. கடல் 120 மீட்டர் இறங்கியபோதும் அது வற்றவில்லை. 1856இல் அதைக் கடந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், பறவைகள் திடீரென்று மாறிவிட்டதைக் கவனித்தார். இந்தப் பக்கம் ஆசியப் பறவைகள், அந்தப் பக்கம் ஆஸ்திரேலியா பக்கத்துக் கொண்டைக் கிளிகள். கண்டத்தின் ஓரம் கரையிலே முடிவதில்லை, நீருக்கடியில் முடிகிறது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே கிடைக்கும் சான்று இது.

கண்டங்கள் ஏழு என்பதிலும் உலகம் முழுக்க ஒரே பேச்சு இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் இரண்டு அமெரிக்காவையும் ஒன்றாக எண்ணும் பிள்ளைகள் பலர். ஒலிம்பிக் வளையங்கள் ஐந்து என்பதும் அந்தக் கணக்கையொட்டியதே. தென் பெருங்கடலை நேஷனல் ஜியோகிராபிக் தன் வரைபடங்களில் ஐந்தாவதாகச் சேர்த்தது 2021இல்தான். தேர்வில் ஏழு, ஐந்து என்றே எழுதட்டும். ஏன் என்று தம்பி கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள்.

பள்ளி விடுமுறையில் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினால் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். அங்கே கெத்தாம் தீவுக்குப் படகு கிடைக்கும். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் தீவு வீடுகளின் கால்கள் முழுவதும் வெளியே தெரியும், சேற்றில் நண்டுகள் ஓடும். படகில் உட்கார்ந்ததும் தங்கையிடம் ஓர் ஆரஞ்சையும் பேனாவையும் கொடுத்து, நாம் இப்போது இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எங்கே வைக்கிறாள் என்று பாருங்கள்.