மூளை இல்லாமல் வழி கணக்கிடும் உயிர்

காட்டில் மக்கிக் கிடக்கும் ஈரக் கட்டைகளின் மேல் மஞ்சள் வலையாகப் படரும் ஓர் உயிர் உண்டு. பெயர் பைசாரம் பாலிசெஃபாலம். சளிப்பூஞ்சை என்று அழைத்தாலும் பூஞ்சை இனத்தில் அதற்கு இடமில்லை. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தாலும் அது ஒரே ஒரு செல்தான். அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள். மூளையும் கிடையாது, நரம்பும் கிடையாது.

ஜப்பானின் தோஷியுகி நகாகாகி தன் சகாக்களோடு சேர்ந்து இதை ஒரு சிறிய புதிர்ப்பாதைக்குள் வளர்த்தார். பாதை முழுவதையும் அது நிரப்பியதும் இரு முனைகளிலும் ஓட்ஸ் உணவு வைக்கப்பட்டது. சில மணி நேரத்தில் முட்டுச்சந்துகளிலிருந்து அது பின்வாங்கியது. கடைசியில் இரண்டு உணவுகளையும் மிகக் குறுகிய வழியில் இணைக்கும் தடித்த குழாய் ஒன்றே மிஞ்சியது. 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது.

எப்படி முடிந்தது?

அந்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே திரவம் ஒரு பக்கமாகப் பாயும், வேகம் குறையும், நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பப் பாயும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டம் மிகுந்த குழாய் பருக்கிறது, ஓட்டம் குறைந்தது மெலிகிறது. ஆள் நடமாட்டமுள்ள ஒற்றையடிப் பாதை நிலைப்பதும் மற்றது புல் மூடிப்போவதும் போலத்தான். ஆனால் இங்கே விளைவு கடுமையானது: குழாயின் ஆரம் இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் 16 மடங்கு திரவம் பாயும்.

அட்சுஷி டெரோ, ரியோ கோபயாஷி, நகாகாகி மூவரும் 2007இல் இதைக் கணிதமாக்கினார்கள். இரண்டே விதிகள். அழுத்த வேறுபாட்டையும் குழாயின் பருமனையும் நீளத்தையும் பொறுத்து ஓட்டம் அமைகிறது. அந்த ஓட்டத்துக்கேற்பக் குழாய் பருக்கிறது, ஓட்டமில்லையேல் தேய்கிறது. ‘குறுகிய வழியைத் தேடு’ என்ற கட்டளை சமன்பாடுகளில் எங்குமே இல்லை. நீண்ட வழியில் ஓட்டம் சற்றுக் குறைவு, அதனால் அது மெலிகிறது, மெலிந்ததால் ஓட்டம் இன்னும் குறைகிறது. எந்தக் குழாய்க்கும் முழு வரைபடம் தெரியாது. விடை மட்டும் வந்துவிடுகிறது. இந்த மாதிரியின் எளிய வடிவம் எந்த வலையமைப்பிலும் குறுகிய வழியில்தான் முடியும் என்று போனிஃபாசி, மெல்ஹார்ன், கிரீஷ் வர்மா ஆகியோர் 2012இல் நிரூபித்தனர். உயிரின் நடத்தை ஒன்று தேற்றமாகவே ஆனது பெரிய விஷயம்.

2010இல் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் இடங்களில் 36 உணவுத் துணுக்குகளை வைத்துச் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. சளிப்பூஞ்சைக்கு வெளிச்சம் பிடிக்காது என்பதால் மலைகளுக்குப் பதிலாக ஒளி பாய்ச்சினார்கள். டோக்கியோ ரயில் பாதையை அது அப்படியே வரைந்துவிட்டதாகச் சொல்வது மிகை. செலவு, திறன், ஓரிடத்தில் அறுந்தாலும் தாக்குப்பிடிக்கும் தன்மை ஆகிய மூன்றிலும் அதன் வலை ரயில் வலையோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது என்பதே முடிவு. அதுவே போதுமான வியப்பு.

இந்தச் சமன்பாடுகளுக்குப் பெரிய கணினி தேவையில்லை. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு வலையமைப்பை அமைத்து, குழாய்கள் ஒவ்வொன்றாக மறைவதைத் தங்கள் திரையிலேயே பார்க்கலாம். அவசியம் முயன்று பாருங்கள்.