உடலளவு மாறினால் உடைச் செலவு

பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரோ, நோயுற்றுத் தேறிய பின்னரோ மாதரின் உடலளவு மாறுவது இயல்பு. பெட்டியிலுள்ள ரவிக்கைகளுள் ஒன்றும் சேராதபோதும், பாலுக்கும் மருந்துக்கும் ஒதுக்கிய பணத்தில் தமக்கென ஆடை வாங்கக் கூசி, இறுகிய உடையிலேயே துன்புறும் சகோதரிகள் பலரை நாம் காண்கிறோம். அத்துன்பம் வேண்டுவதில்லை.

சேலைக்கு உடலளவு என்பது இல்லை, 5.5 மீட்டர்ச் சேலையைக் கொசுவத்தில் கூட்டியும் குறைத்தும் உடுத்தலாம். உட்பாவாடையோ நாடாவால் இறுக்கவும் தளர்த்தவும் கூடியது. ஆகவே, செலவெல்லாம் பெரும்பாலும் ரவிக்கைக்கே.

முதற்கண் பழைய ரவிக்கையின் பக்கத் தையலை நோக்குக. உள்ளே துணி விட்டிருப்பின், பிரித்துத் தைத்தாலே போதும். இன்றேல், பல சேலைகளுக்கும் பொருந்தும் கறுப்பு, அரக்கு நிறங்களில் இரண்டு மட்டும் தைத்துக்கொள்க. பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் நன்று. இருபுறமும் ஓர் அங்குலத் துணியை உள்ளே விடுமாறு தையற்காரரிடம் சொல்லுதல் வேண்டும். உடலளவு நிலைபெற்ற பின்பு ஏனையவற்றைத் தைக்கலாம்.

துணி வாங்க, 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் பண்டிகைக் காலத் தள்ளுபடியைப் பயன்படுத்துவோமாக. வாங்குவோர் பணமும் மிஞ்சும். நெசவாளர் தறியும் ஓடும்.